ஸ்டியரிங் தண்டில் ஒரு சிறு ரப்பர்: பழைய பிக்கப் வைத்திருக்கும் வியாபாரிகளின் கவனத்திற்கு

கடைக் கணக்கை எழுதும்போது சரக்கு, கூலி, மின்சாரம், வாடகை என ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். சாமான் ஏற்றி இறக்கும் வாகனத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தில் டீசல், டயர், எஞ்சின் ஒயில் என்பவைதான் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. சாரதியின் கைக்கும் முன் சில்லுக்கும் இடையில் இருக்கும் உறுப்புக்கள் வண்டி ஒருநாள் காட்டிக்கொடுக்கும் வரை யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அந்த உறுப்புக்களில் மிகச் சிறியதும் மலிவானதுமான ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுத நினைத்தேன். அண்மையில் எமது கடை வண்டியில் அதை மாற்ற வேண்டி வந்தது. அதனால் அறிந்துகொண்டவை மற்றைய வியாபாரிகளுக்கும் பயன்படும்.

இன்னும் ஓடும் பழைய வண்டிகள்

எமது பகுதிக் கடைத்தெருவில் காலையில் நின்று பார்த்தால், முப்பது நாற்பது வருடப் பழைய பிக்கப்புகள் எத்தனை இன்னும் உழைக்கின்றன என்பது தெரியும். ஸ்ரீ இலக்கத் தகடு போட்ட டட்சன், டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி என்று வரிசையாக நிற்கும். இதற்குக் காரணம் பழைமை மீதான ஆசை மட்டுமல்ல. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா வரை ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது, புதிய விலையும் வரியும் சேர்ந்து சிறு வியாபாரியின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தன. கையிலிருக்கும் வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதே பலருக்கு இருந்த ஒரே வழி.

எமது வண்டி 720 ரக டட்சன் பிக்கப். இந்த ரகம் 1979 தொடக்கம் 1980களின் நடுப்பகுதி வரை உற்பத்தி செய்யப்பட்டது. டட்சன் என்ற பெயரைக் கைவிட்டு நிஸான் என்ற பெயருக்கு அக்கம்பனி மாறிய காலமும் அதுதான். ஆகவே சில வண்டிகளில் டட்சன் என்றும் சிலவற்றில் நிஸான் என்றும் எழுதப்பட்டிருக்கும். டீசல் எஞ்சின், பலமான சட்டம், யாரும் திருத்தக்கூடிய எளிமையான அமைப்பு. மாவனல்லையிலிருந்து ஹெம்மாத்தகம, அரநாயக்க பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு அரிசி, சீனி, மா ஏற்றிச் செல்வதும், மாதத்தில் சில தடவை கடுகண்ணாவை ஏற்றத்தால் கண்டிக்குப் போய் வருவதும் அதன் வேலை. வளைவும் இறக்கமும் இல்லாத பயணம் அதற்கு இல்லை.

அந்த ரப்பர் என்ன செய்கிறது?

ஸ்டியரிங் வளையத்திலிருந்து ஒரு இரும்புத் தண்டு கீழே இறங்குகிறது. அது எஞ்சின் பக்கத்தில் சட்டத்தோடு பூட்டப்பட்டுள்ள ஸ்டியரிங் பொக்ஸுக்குள் நுழையும் தண்டோடு இணைய வேண்டும். இரண்டையும் இரும்போடு இரும்பாக நேராகப் பூட்டினால் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, பாதையின் குழி மேடுகளின் அதிர்வு முழுவதும் சாரதியின் கைக்கு வரும். மற்றையது, பொடியும் சட்டமும் ஒன்றுக்கொன்று சற்று அசைவதால் தண்டுகள் எப்போதும் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. நேராகப் பூட்டினால் அந்த இழுபறி முழுவதையும் பொக்ஸின் பேரிங் தாங்க வேண்டி வரும்.

இதற்காகவே இடையில் ஒரு கப்ளிங் வைத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான தட்டு. ரப்பரும் கன்வஸ் துணியும் அடுக்கடுக்காகச் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டது. அதில் நான்கு துளைகள் இருக்கும். எதிரெதிரான இரண்டு துளைகள் மேல் தண்டின் தகட்டோடும், மற்றைய இரண்டும் கீழ்த் தண்டின் தகட்டோடும் போல்ட் போட்டுப் பூட்டப்படும். ஆகவே மேல் தண்டும் கீழ்த் தண்டும் இரும்பால் ஒன்றையொன்று தொடுவதில்லை. சாரதி திருப்பும் பலம் முழுவதும் இந்த ரப்பர் தட்டின் வழியாகவே போகிறது. அமெரிக்கர்கள் இதனைக் கந்தல்துணி மூட்டு என்ற கருத்தில் அழைப்பார்கள். ஜேர்மனியில் ஹார்டி தட்டு என்று பெயர். எமது கராஜ்களில் ஸ்டியரிங் கப்ளிங் அல்லது கப்ளிங் ரப்பர் என்றால் விளங்கிக்கொள்வார்கள்.

ரப்பருக்கு வயதுண்டு. எஞ்சின் சூட்டில் அது காய்ந்து வெடிக்கும். பொக்ஸின் மேல் சீலிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ ஒயில் கசிந்து மேலே பட்டால் ஊறி இளகும். துணி அடுக்குகள் பிரியும். போல்ட் துளைகள் நீள்வட்டமாக அகலும். அப்போது வளையத்தைத் திருப்பினாலும் முதல் ஒன்றிரண்டு அங்குலம் சில்லுக்குப் போய்ச் சேராது. அந்த அளவு ரப்பரின் முறுக்கலிலேயே கரைந்துவிடும்.

வண்டி தந்த அறிகுறிகள்

எமது சாரதி இளைஞன். குறைவாகப் பேசுபவன். ஒருநாள் ஹெம்மாத்தகமவிலிருந்து வெறுமையாகத் திரும்பி வந்தவன், சாவியை மேசையில் வைத்துவிட்டு, "முதலாளி, வளைவுல ஸ்டியரிங் கொஞ்சம் பிந்தித்தான் புடிக்குது. ஹோர்னும் ஒரு நேரம் அடிக்குது, ஒரு நேரம் அடிக்குதில்ல" என்றான்.

இரண்டும் வெவ்வேறு குறைகள் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். ஹோர்ன் பொத்தானை அழுத்தும்போது மின்சாரம் ஸ்டியரிங் தண்டின் வழியாகத்தான் வண்டியின் சட்டத்துக்குப் போய் எர்த் ஆகிறது. இடையில் ரப்பர் இருப்பதால் மின்சாரம் தடைப்படும். எனவே பல வாகனங்களில் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் இணைக்கும் ஒரு சிறு செம்புக் கம்பிப் பட்டியை அந்தக் கப்ளிங்கில் வைத்திருப்பார்கள். ரப்பர் அளவுக்கு மீறி முறுகினால் அந்தப் பட்டி அறுந்துவிடும். ஸ்டியரிங் தளர்வும் ஹோர்ன் கோளாறும் ஒன்றாக வந்தால் முதலில் கப்ளிங்கைப் பார்ப்பது நல்லது.

அன்று பின்னேரமே வண்டியை ஏற்றம் இறக்கங்களுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். மறுநாள் பிரதான வீதியிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் வளையத்தை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "பொக்ஸ் முடிஞ்சுது, மாத்தணும்" என்றார். ரீகண்டிஷன் பொக்ஸ், கூலி, அதோடு ரொட் எண்ட்கள் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். ஒரு மாத நிகர இலாபத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அவ்வளவு காசு இல்லையென்றால் பொக்ஸின் மேலுள்ள ஸ்குருவை இறுக்கித் தருகிறேன், இப்போதைக்கு ஓடும் என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது யோசனைதான் ஆபத்தானது. பொக்ஸின் மேலுள்ள அந்த ஸ்குரு, உள்ளேயிருக்கும் பற்களின் இடைவெளியைச் சரிசெய்வதற்கானது. வேறெங்கோ உள்ள தளர்வை மறைக்க அதை இறுக்கினால், நேராக ஓடும் நிலையில் ஸ்டியரிங் இறுகிப் பிடிக்கும். திருப்பிய பிறகு தானாக நேருக்கு வராது. நல்ல பொக்ஸின் பற்களும் தேய்ந்துவிடும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து இருக்கும் உறுப்பையும் கெடுப்பது போலாகும்.

தளர்வு எங்கே? பார்க்கும் முறை

எமதூரில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு நானா இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கராஜ் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டில்தான். அவர் செய்த பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அதை எந்த வியாபாரியும் தன் கடை வாசலிலேயே செய்து பார்க்கலாம் என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

எஞ்சினை நிறுத்தி, சில்லுகள் தரையில் நேராக நிற்க, ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து வளையத்தை இடமும் வலமும் மெதுவாக அசைக்க வேண்டும். சில்லு அசையத் தொடங்குவதற்கு முன் வளையத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா போகிறது என்பதை அளவுகோலால் அளக்க வேண்டும். இவ்வகை ஜப்பானிய வாகனங்களுக்கு 30 முதல் 35 மில்லிமீற்றர் வரை என்பதே வழமையான எல்லை. அதைத் தாண்டினால் எங்கோ தேய்வு இருக்கிறது.

அடுத்து, மற்றொருவர் பொனட்டைத் திறந்து கீழே பார்க்க வேண்டும். மேல் தண்டு அசைந்தும் கப்ளிங்குக்குக் கீழே உள்ள தகடு பிந்தி அசைந்தால் குறை கப்ளிங்கில். இரண்டும் ஒன்றாக அசைந்தும் பொக்ஸின் அடியிலுள்ள ஆர்ம் அசையவில்லை என்றால் குறை பொக்ஸில். ஆர்ம் அசைந்தும் சில்லு அசையவில்லை என்றால் டை ரொட், ரொட் எண்ட், ஐட்லர் ஆர்ம் ஆகியவற்றில். மேலிருந்து கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு போனால் பொய் சொல்ல வண்டிக்கு இடமில்லை.

எமது வண்டியில் மேல் தண்டு நன்றாகத் திரும்பியது. கீழ்த் தகடு அப்படியே நின்றது. டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ரப்பரின் ஒரு துளையிலிருந்து விளிம்பு வரை வெடிப்பு. துணியின் நூல்கள் வெளியே நின்றன. செம்புப் பட்டி ஒரு முனையில் அறுந்து தொங்கியது. நானா நிமிர்ந்து, "தம்பி, பொக்ஸ்ல ஒண்டும் இல்ல. பொக்ஸுக்குப் போற வழியிலதான் சுகமில்ல" என்றார்.

ரப்பர் முழுதாகக் கிழிந்தால் என்னாகும் என்று கேட்டேன். பல கப்ளிங்குகளில் அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு என்று காட்டினார். ரப்பர் போய்விட்டாலும் ஒரு பக்கத்துப் போல்ட் தலைகள் மறுபக்கத் தகட்டின் வெட்டில் முட்டி, ஓரளவுக்குத் திருப்பக்கூடியதாக இருக்கும். ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கான ஏற்பாடு. ஒரு தொன் பாரத்தோடு கடுகண்ணாவையில் இறங்குவதற்கானதல்ல. அந்த வண்டியை ஓட்டுவது நானல்ல, இன்னொருவரின் பிள்ளை. இதற்குப் பிறகு அந்த ரப்பரோடு வண்டி கடை வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தோம். மூன்று நாள் வாடகை லொறியில் சாமான் அனுப்பினோம்.

பஞ்சிகாவத்தையில் தேடுதல்

பழைய வண்டிக்கு உதிரிப்பாகம் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். கழற்றிய பழைய கப்ளிங்கையே ஒரு பையில் போட்டுக் கொண்டு போனேன். ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட மாதிரியைக் காட்டிக் கேட்பது எப்போதும் நல்லது. ஒரே ரகத்தில் ஆண்டுக்காண்டு சிறு மாற்றங்கள் உண்டு. துளைகளுக்கு இடையிலான தூரம், தட்டின் தடிப்பு, போல்டின் பருமன் என்பவை பொருந்தினால்தான் சரி.

அங்கே நான்கு விதமான யோசனைகள் கிடைத்தன.

முதலாவது, பல வருடங்களாகப் பெட்டியில் கிடந்த கம்பனிப் பொருள். பெயரைப் பார்த்துப் பலரும் இதையே விரும்புவார்கள். ஆனால் ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் வயது போகும். மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். வளைவின் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் விழுந்தால் அது புதிதாக இருந்தும் பழையதுதான்.

இரண்டாவது, ஜப்பானில் கழற்றிய பாவித்த வண்டியிலிருந்து வந்தது. இரும்பு உறுப்புக்களுக்கு இது நல்ல வழி. ரப்பருக்கு அல்ல. தேய்ந்த ஒன்றைக் கழற்றிவிட்டு அரைவாசி தேய்ந்த இன்னொன்றைப் பூட்டுவதில் என்ன இலாபம்?

மூன்றாவது, வேறு கம்பனிகள் இப்போதும் செய்யும் மாற்றுப் பொருள். துணி அடுக்குகள் விளிம்பில் தெளிவாகத் தெரிகின்றனவா, துளைகளில் இரும்பு வளையம் இறுக்கமாக இருக்கிறதா, செம்புப் பட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

நான்காவது, யாரோ ஒருவர் இரகசியம் சொல்வது போலச் சொன்னது. தொழிற்சாலை பெல்ட்டிலோ தடித்த மட் பிளெப்பிலோ வட்டமாக வெட்டி நான்கு துளை போட்டால் போதுமாம். பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் மட் பிளெப்பில் துணி இல்லை. பலத்தைத் தாங்குவது துணிதான், ரப்பர் அல்ல. துணியுள்ள பெல்ட்டிலும் அது நீளவாக்கில் இழுப்பதற்காக வைக்கப்பட்டது. நான்கு பக்கமும் மாறி மாறி முறுக்குவதற்கல்ல. ஒரு மாதம் ஓடலாம், ஒரு வருடமும் ஓடலாம். எந்த வளைவில் கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாவதாக வேறொரு யோசனையும் சிலரிடம் உண்டு. ரப்பரே வேண்டாம், இரும்புத் தகடு வைத்துப் பூட்டிவிட்டால் ஒருபோதும் தேயாது என்பார்கள். ரப்பர் ஏன் வைக்கப்பட்டது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். ரப்பர் தாங்கிய அதிர்வை அப்போது பொக்ஸ் தாங்கும். சில மாதங்களில் அந்த முதல் கராஜ் காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

நான் மூன்றாவது வகையை வாங்கினேன். முதலாவது கடையில் ஒன்று இருந்தது, ஆனால் வளைத்தபோது கோடு விழுந்தது. கடைக்காரர் முகம் சுளிக்காமல், "இது நானே போடமாட்டேன் ஹாஜியார், அங்கால கடையில கேளுங்க" என்று அனுப்பிவைத்தார். வாங்க வந்தவரிடம் அப்படிச் சொல்லும் கடைக்காரரைத்தான் அடுத்த தடவையும் தேடிப் போகத் தோன்றுகிறது.

கூடவே புதிய போல்ட்டும் தானாகக் கழன்றுவிடாத பூட்டு நட்டும் வாங்கினேன். போல்ட்டின் தலையில் 8.8 என்ற இலக்கம் இருக்க வேண்டும். அது பலத்தின் அளவு. இலக்கமில்லாத சாதாரண இரும்புப் போல்ட்டை ஸ்டியரிங்கில் பூட்டக்கூடாது.

மாற்றிய விதம்

வேலை பெரிதல்ல. ஆனால் ஒழுங்கு முக்கியம். நானா செய்த ஒழுங்கையே தருகிறேன்.

சில்லுகளை நேராக நிறுத்தி, பற்றரியின் எர்த் வயரைக் கழற்றினார். மேல் தகடு, கீழ்த் தகடு, பொக்ஸின் தண்டு ஆகிய மூன்றிலும் ஒரே நேரில் வெள்ளை வர்ணத்தால் கோடு போட்டார். பொக்ஸின் தண்டில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வண்டி நேராக ஓடும்போது வளையம் சரிந்து நிற்கும்.

கீழ்த் தகட்டை அந்தப் பல்தண்டில் இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு குறுக்குப் போல்ட். அது தண்டிலுள்ள ஒரு பள்ளத்தின் வழியாகப் போகிறது. ஆகவே தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக வெளியே எடுக்க வேண்டும். இதை அறியாத சிலர் போல்ட்டைத் தளர்த்திவிட்டுச் சுத்தியலால் அடிப்பார்கள். அந்த அடி பொக்ஸின் பேரிங்கில் விழும். மேல் பக்கம் அடித்தால் இன்னொரு ஆபத்து. இக்கால வண்டிகள் பலவற்றில், 1980களின் வண்டிகளிலும்கூட, விபத்தின்போது சாரதியின் நெஞ்சில் குத்தாமல் உள்ளே மடங்கும்படி ஸ்டியரிங் தண்டு செய்யப்பட்டுள்ளது. மேலும் கீழும் அடித்தால் அந்த அமைப்பு கெட்டுவிடும். நானா துரு ஒயில் விட்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தார். பிறகு தகட்டின் பிளவில் தட்டையான இரும்பை வைத்து மெல்லத் திறந்தார். பொக்ஸைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்று நகர்த்தியபோது அது சுலபமாகக் கழன்றது.

தண்டுகள் பிரிந்திருக்கும் நேரத்தில் வளையத்தைச் சுற்றக்கூடாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சுற்றிவிட்டால் நடு நிலை போய்விடும். நானா வளையத்தைக் கயிற்றால் ஆசனத்தோடு கட்டிவைத்திருந்தார்.

புதிய தட்டைப் பூட்டும் முன் இரு தகடுகளையும் கம்பித் தூரிகையால் துப்புரவு செய்தார். செம்புப் பட்டி தொடும் இடத்தில் வர்ணமும் துருவும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஹோர்ன் மீண்டும் தொல்லை தரும். கோடுகள் மூன்றும் நேராக வந்ததும் நான்கு போல்ட்டையும் கையால் போட்டு, பிறகு குறுக்குக் குறுக்காக இறுக்கினார். குறுக்குப் போல்ட் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருப்பதைப் பார்த்து இறுக்கினார். பொக்ஸின் போல்ட்டுகளைக் கடைசியில் இறுக்கினார்.

எல்லாம் முடிந்ததும் தட்டு தட்டையாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தார். ஒரு பக்கம் வளைந்து நின்றால் மேல் தண்டு கூடுதலாகக் கீழே இறங்கியிருக்கிறது அல்லது பொக்ஸ் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் புதிய ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். பின்னர் வளையத்தை இடப்பக்கம் முட்டும் வரையும் வலப்பக்கம் முட்டும் வரையும் சுற்றி, இரண்டு பக்கமும் சுற்று சமமா, எங்காவது பிடிக்கிறதா என்று பார்த்தார். ஹோர்னை அடித்துப் பார்த்தார். வெறும் வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தந்தார். ஒரு வாரம் ஓடிய பின் கொண்டுவந்து போல்ட்டுகளை மீண்டும் பார்க்கவேண்டும் என்று சொல்லி, அந்த நாளைச் சாரதியிடமே சொல்லி அனுப்பினார்.

மீண்டும் அளந்தபோது வளையத்தின் தளர்வு எல்லைக்குள் வந்திருந்தது. பொக்ஸைத் தொடவே இல்லை.

கணக்கு

கப்ளிங், போல்ட், நட், நானாவின் கூலி, கொழும்புக்குப் போய்வந்த செலவு, மூன்று நாள் வாடகை லொறி என அனைத்தையும் கூட்டிப் பார்த்தேன். முதல் கராஜில் கேட்ட தொகையில் கால்வாசியும் வரவில்லை. அதிலும் பெரிய செலவு வாடகை லொறிதான். ரப்பரின் விலை அந்தக் கணக்கில் மிகச் சிறிய வரி.

ஆனால் இதை மலிவாக முடிந்த வேலை என்று மட்டும் பார்க்கக்கூடாது. பொக்ஸை மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பொக்ஸை மாற்றிய பலர் பழைய கப்ளிங்கையே மீண்டும் பூட்டிவிடுவதுண்டு. பெரும் பணம் கொடுத்த பிறகும் தளர்வு அப்படியே இருந்திருக்கும். பெரிய தொகை கொடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பாரம் ஏற்றி மலைக்கு அனுப்பியிருப்போம்.

எமது வியாபாரத்தில் கணக்கு உதைத்தால் நாம் கடையையே விற்றுவிடுவதில்லை. ஒவ்வொரு பற்றுச்சீட்டாகப் பார்த்து எந்த இடத்தில் பிழை என்று தேடுகிறோம். வாகனத்துக்கும் அதே முறைதான். எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டாமல் எதை மாற்ற வேண்டும் என்று சொல்பவருக்குக் காசு கொடுக்கக்கூடாது. "எனக்குக் காட்டுங்கள்" என்று கேட்பது அவமதிப்பு அல்ல. நல்ல மெக்கானிக் அப்படிக் கேட்பதை விரும்புவார்.

வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு

புகைப் பரிசோதனையில் வண்டி தேறிவிட்டது என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. அது புகையைத்தான் பார்க்கிறது, ஸ்டியரிங்கைப் பார்ப்பதில்லை. காப்புறுதி இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. வாகனத்தை ஓடத்தகுந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை காப்புறுதி ஒப்பந்தங்களில் பொதுவாக உண்டு. தெரிந்த குறையோடு வண்டியை அனுப்பி விபத்து நடந்தால் அந்த நிபந்தனை எமக்கு எதிராக வாசிக்கப்படலாம். அதைவிடப் பெரிய விடயம், போகும் உயிரைக் காப்புறுதி திருப்பித் தருவதில்லை.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வளையத்தின் தளர்வை அளந்து வண்டியின் கணக்குப் பக்கத்தில் திகதியோடு எழுதிவையுங்கள். அந்த எண் கூடிக்கொண்டு போனால், சாரதி சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். டோர்ச் அடித்து ரப்பரில் வெடிப்போ ஒயிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் இருந்தால் ரப்பரை மாற்றுவதற்கு முன் கசிவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

சாரதி வந்து ஒரு குறையைச் சொன்னால் அதை வேலைக்கு மறுப்புச் சொல்வதாக எடுக்காதீர்கள். நாளுக்கு எட்டு மணித்தியாலம் அந்த வளையத்தைப் பிடித்திருப்பவர் அவர். எமக்குத் தெரியாதது அவர் கைக்குத் தெரியும். சொன்னால் ஏச்சு விழும் என்று பயந்து வாய் மூடியிருக்கும் சாரதியைவிட, ஹோர்ன் அடிக்கவில்லை என்றுகூட வந்து சொல்லும் சாரதியே கடைக்கு இலாபம்.

பழைய வண்டி வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் இல்லாத வண்டி, தெரிந்த வண்டி, திருத்தக்கூடிய வண்டி. ஆனால் அதில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்களும் உண்டு, பிடிக்கக்கூடாத இடங்களும் உண்டு. வர்ணத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஆசன உறையில், பின் பலகையில் மிச்சம் பிடிக்கலாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் வேண்டாம். அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் பெரிய பணமல்ல. சரியான இடத்தைப் பார்ப்பதும், சரியான பொருளை வாங்குவதும்தான்.